தடம் பார்க்க எத்தனை?

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கர்ட் வீட்டுக் கீழறையில் நாலு பேரும் இன்னும் பனிக்காட்டை விட்டு வெளியே வரவில்லை.

"பதினஞ்சு," என்றான் கர்ட்.

ஆட்டத்தை நடத்துபவன் அவன். காடு, காற்று, ராட்சதன் எல்லாம் அவன் வாயிலிருந்து வர வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். முடியுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கர்ட் சொன்ன எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் ராட்சதனின் தடம் கிடைக்கும்.

வேடனாக ஆடுபவன் ஆர்லன். கை நடுக்கத்தில் பகடை ஹீட்டருக்கு அடியில் ஓடிவிடுகிறது என்று இப்போதெல்லாம் தன் ஆரஞ்சு வேட்டைத் தொப்பிக்குள்தான் உருட்டுகிறான். பார்த்து எண்ணைச் சொல்வான். யாரும் சரிபார்ப்பதில்லை. வடக்கு விஸ்கான்சினில் ஒருவன் தொப்பிக்குள் இன்னொருவன் எட்டிப் பார்ப்பது, அவன் மான் வேட்டைப் பரணில் ஏறி உட்காருவதற்குச் சமம்.

"நாலு," என்றான் ஆர்லன். "தடம் போச்சு. அடுத்த ஞாயிறு பாப்போம்."

ஆர்லனை இறக்கிவிட வந்தபோது அவன் மனைவி ஜோலீன் வாசலில் வைத்துக் கர்ட்டிடம் சொல்லியிருந்தாள். "இனி பலனில்லன்னு டாக்டருங்க மருந்த நிறுத்திட்டாங்க. இனிமே இந்தப் படி எறங்குவானான்னு தெரியல."

இந்த ராட்சதனைத் துரத்த ஆரம்பித்தபோது கூட ஆடும் லைலுக்குத் தலையில் முடி இருந்தது. தடம் கிடைத்தால் குகை, குகையில் சண்டை, அத்தோடு ஆட்டம் முடிந்தது. முடிவு தெரியாமல் ஆர்லனை அனுப்ப கர்ட்டுக்கு மனமில்லை.

"பனி நின்னுடுச்சு," என்றான். "இப்ப பத்து போதும்."

"அப்பவே கேக்கணும்னு நெனச்சேன்," என்றான் லைல். சாலையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுபவன். "புதுப் பனி. அவனுக்கு அண்டா அண்டாவா காலு. பதினஞ்சாம்! எங்க அத்தை கண்ணாடி இல்லாமலே கண்டுபிடிச்சிருவா."

"தோத்தவன் மறுபடி உருட்டக் கூடாது," என்றாள் கோனி. நீதிமன்றத்தில் எழுத்தர். "சூழ்நிலை மாறினாத்தான் உண்டு."

"அதான் மாறிடுச்சே. பனி நின்னுடுச்சு," என்றான் கர்ட்.

"ஒரு காத்து அடிச்சாப் போதும், தடம் தூந்துரும்," என்றான் ஆர்லன். "நெஜக் காட்டுல நடந்தவன் சொல்றேன். பதினஞ்சுதான் நியாயம்."

"பத்து."

தொப்பிக்குள் பகடை உருண்டது.

"ஏழு."

கர்ட் ராட்சதனின் தொடையில் ஓர் அம்பைப் பாய்ச்சினான். பனியெல்லாம் ரத்தம். "அஞ்சு."

"அம்பு விட்டது யாரு?" என்றாள் கோனி.

"வழிப்போக்கன்."

"இந்தக் குளிர்லயா?"

"பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு வந்தவன். நீ உருட்டு ஆர்லன்."

"மூணு."

கர்ட் இன்னும் சேர்த்தான். ராட்சதன் தோளில் ஓர் ஆடு இருந்தது. ஆடு கத்தியது. ஆட்டின் கழுத்தில் மணி. "அதோட அவனுக்குத் தீராத இருமல்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான். எதிரே ஆர்லன் இருமிக்கொண்டிருந்தான்.

"இருமல் இல்ல. ஏப்பம்."

"டேய், இது ராட்சதனா, கல்யாண ஊர்வலமா?" என்றான் லைல்.

"ரெண்டு," என்றான் கர்ட். "ரெண்டு விழுந்தாப் போதும்."

ஆர்லன் தொப்பியைக் கீழே வைத்தான். "எனக்காகக் கொறைக்கிறியா?"

"இல்ல."

"நான் செத்துட்டு இருக்கேன்டா. குருடனாகல. பதினஞ்சு வை."

லைல் பாலாடைக்கட்டித் தட்டைப் பார்த்தான். கோனி விதிப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு," என்றான் கர்ட் மேசையைப் பார்த்து.

ஆர்லன் உருட்டினான். தொப்பிக்குள் வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணு."

"அந்தப் பகடைய என் லாரி சக்கரத்துல போடணும்," என்றான் லைல்.

கோனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இத்தனை வருடத்தில் ஒரு விதியைக்கூட வளையவிடாதவள். "இன்னொரு தடவ உருட்டட்டுமே," என்றாள். "நான் பாக்கல."

"விதின்னா விதிதான் கோனி," என்றான் ஆர்லன். "ராட்சதன் எங்க போயிடுவான்? அடுத்த ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும்."

மற்ற மூவரும் தட்டைத் தொடவில்லை. அவன் மட்டும் ஒரு துண்டு மான்கறி எடுத்து மென்றான்.

ஜோலீன் படியிறங்கி வந்தாள். "கெளம்பலாமா? ரோடு உறையறதுக்குள்ள போயிரணும்."

ஆர்லன் குனிந்து பூட்சை மாட்டத் தொடங்கினான். கர்ட் கை கொடுக்கப் போனான். அவன் தட்டிவிட்டான். வெளியே குளிர் என்பதால், அவன் தலையில் வைக்க ஜோலீன் மேசையிலிருந்த தொப்பியை எடுக்கப் போனாள்.

"ஏய், அத விடு," என்றான் ஆர்லன், ஒற்றைப் பூட்சோடு.

அவள் ஏற்கெனவே உள்ளே பார்த்துவிட்டாள். அந்த மேசையில் ஒருநாளும் உட்காராதவள்.

"இருபதுன்னு விழுந்திருக்கே," என்றாள் கர்ட்டிடம். "உங்க ஆட்டத்துல அது ரொம்ப மோசமா?"