இரண்டாயிரம் வெள்ளி மீன்கள்

இரண்டாயிரம் வெள்ளி மீன்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மீன்கள் அவருடைய கைப்பேசிக்குள் இருந்தன. கப்பல், தீவு, கடல் பூதம் என்று ஏகப்பட்ட பேர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு அது. மற்றவர்கள் வாளை உருவிக்கொண்டு சண்டைக்குப் போவார்கள். கண்ணாடிக்காரர் நேரே ஏல அங்காடிக்குப் போவார். மலிவாகக் கிடைத்ததை வாங்குவார், விலை ஏறியதும் விற்பார். இரண்டு வருடத்தில் அவர் ஒரு நண்டைக்கூட வெட்டியது கிடையாது. ஆனால் ஒரு கறுப்புக் குதிரையும், வெள்ளிக் கவசமும், பை நிறையப் பொற்காசும் சேர்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கடல் பூதம் வரப்போகிறது. அதோடு சண்டை போட எல்லோரும் தண்ணீருக்கடியில் மூச்சுவிட வேண்டும். அதற்கு வெள்ளி மீன் தின்றாக வேண்டும். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே அங்காடியில் இருந்த வெள்ளி மீன் அத்தனையையும் கண்ணாடிக்காரர் வளைத்துப் போட்டுவிட்டார். இனி மீன் வேண்டுமென்றால் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். ஆனால் அவருடைய பையில் இருநூறுக்கு மேல் பிடிக்கவில்லை.

"உள்ள என்னங்க பண்றீங்க? அரை மணி நேரமாச்சு!" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

"வேலைக்குப் போறவ நானும் ஒருத்தி இருக்கேன், ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவளுக்காகத்தான் இந்த மீன் வியாபாரமே.

அவர் வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணைச் சோதிப்பது, கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது இரண்டும் அவர்தான். கடைக்கு விடுமுறையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் என்பதால் அந்த நாளை மேனேஜர் அவர் தலையில் நிரந்தரமாகக் கட்டியிருந்தார். மனைவிக்கோ ஞாயிறு மட்டும்தான் விடுமுறை.

"நம்ம கல்யாணம் ஒரு ஞாயித்துக்கிழமை நடந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட உங்க மூஞ்சிய நான் வெளிச்சத்துல பாக்கல" என்று அவள் சொல்லிக்காட்டாத வாரம் இல்லை.

மேனேஜரும் அதே விளையாட்டை ஆடுபவர். கடையில் சுழல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். விளையாட்டில் அவர் படைத்தளபதி.

"மீன் வித்து, மூலிகை வித்து என்னய்யா சாதிக்கப்போற? ஒரு பூதத்தையாவது கொன்னிருக்கியா?" என்று போன சனிக்கிழமை சீண்டினார்.

"வெளையாட்டுல ஒரு வாரத்துல அதிகமா விக்கிற வீட்டுக்குப் 'பெருவணிகர்'னு பட்டம் குடுக்கிறாங்க சார். வர்ற வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஏழு மணிக்கு அது என் வீட்டுக்குத்தான்."

"உன் வீட்டுக்கா?" மேனேஜர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றார். "வந்துட்டா, வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு. வரலேன்னா என்னோட ஞாயித்துக்கிழமை வேலையும் உன்னோடது. நான் வீட்டுல குப்புறப் படுத்துத் தூங்குவேன். என்ன சொல்ற?"

கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் கை கொடுத்தார்.

இப்போது கிடங்குதான் பிரச்சினை. பெரிய கிடங்கு வேண்டுமென்றால் விளையாட்டு வீட்டில் இரண்டு பேராவது குடியிருக்க வேண்டும் என்று விதி. மனைவியிடம் கேட்டால் கைப்பேசி ஜன்னல் வழியாகப் போய்விடும். மிச்சம் இருந்தது மாமியார்.

அத்தை முப்பது வருடம் சந்தையில் மீன் கடை நடத்தியவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து, மகள் வீட்டுச் சோபாவில் காலை நீட்டி, மடியில் ஒரு டேப்லட்டை வைத்துக்கொண்டு, பொழுது போகாமல் உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒரு சின்ன உதவி. இந்தப் பொம்மைய நீங்க வெச்சுக்கணும். இந்த மரப்பொட்டிக்குப் பக்கத்துல காவலுக்கு நிக்கணும். அவ்வளவுதான்."

"பொட்டிக்குள்ள என்ன?"

"மீனு."

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுவா மீனு? செவுளையே காணோம். கண்ணு வேற பொத்தான் மாதிரி இருக்கு."

"அதெல்லாம் நீங்க பாக்காதீங்க அத்தை. சும்மா நின்னாப் போதும்."

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை ஒரு ஆளு?"

கண்ணாடிக்காரர் சிரித்து மழுப்பினார். காவலுக்கு நிற்பவரிடம் பெட்டிச் சாவி இருக்க வேண்டும் என்று விளையாட்டு கேட்டது. கொடுத்துவிட்டு, மீதி மீனையும் சரக்குச் சுமக்கும் அங்காடிக் காக்கை மூலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கு ஓடினார்.

அன்று மாலை ஆறு மணி. கடையில் ஒரு பெரியவரை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே அங்காடியைத் திறந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெள்ளி மீன், இரண்டாயிரம். விலை, மீனுக்கு மூன்று காசு.

காலையில் ஒன்று விடாமல் வாங்கியாயிற்றே! மறுபடி எவன் கொண்டுவந்து கொட்டினான்? அங்காடியில் சரக்கும் விலையும்தான் தெரியும், விற்பவர் பெயர் தெரியாது.

"கடைசி வரி தெரியல தம்பி" என்றார் பெரியவர்.

"எனக்கும் ஒண்ணுமே தெரியல சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த மீனை விட்டுவைத்தால் மொத்தத் திட்டமும் பாழ். இரண்டாயிரத்தையும் வாங்கினார். அங்காடிக் காக்கையிடம் கொடுத்து வீட்டுக் கிடங்குக்கு அனுப்பினார். இருட்டில் காக்கை மெதுவாகத்தான் பறக்கும், போய்ச் சேர விடிந்துவிடும். தானே நடந்து போய்ப் பார்க்கலாம் என்றால் அங்காடியிலிருந்து வீடு மூன்று மலை தாண்டி.

மறுநாள் காலை, "அத்தை, பொட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ரொம்பி வழியுது மாப்பிள்ளை." அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணெல்லாம் செவந்திருக்கே. ராத்திரி தூங்குனீங்களா இல்லையா?"

"எங்க தூங்குறது அத்தை. எல்லாம் இந்த மீன் கவலைதான்."

"உழைக்கிற உடம்புதான்" என்று அத்தை மகளைப் பார்த்துச் சொன்னார். ஆறு வருடத்தில் மாமியார் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. கண்ணாடிக்காரருக்கு அன்று பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததுகூடச் சொகுசாக இருந்தது.

அந்தச் சொகுசு மாலை ஆறு மணி வரைக்கும்தான். மறுபடியும் இரண்டாயிரம் வெள்ளி மீன். விலை நான்கு காசு.

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். அந்த முகம் தெரியாத எதிரிக்கு 'ஆறுமணிக்காரன்' என்று பெயரும் வைத்தார்.

புதன்கிழமை ஒரு தந்திரம் செய்தார். அங்காடி வாசலில் யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் எழுதும் பலகை ஒன்று உண்டு. அதில், 'எச்சரிக்கை! இந்த வாரத்து வெள்ளி மீனில் புழு இருக்கிறது' என்று எழுதினார். ஆறுமணிக்காரன் பயந்து விலையைக் குறைப்பான் என்று கணக்கு.

ஆறு மணிக்கு விலை ஐந்து காசு. அந்த இரண்டாயிரத்தையும் வாங்கித் தொலைத்தார். பலகையில் அவர் எழுதியதற்குக் கீழே பதில் ஒன்றும் இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். எழுத்தில் வந்த வசவுக்குக் காதைப் பொத்திக்கொண்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அன்று சாப்பாட்டு மேசையில் அத்தை பொரிந்து தள்ளினார். "எவனோ ஒரு பேதியில போறவன், மீனுல புழுன்னு எழுதி வெச்சிருக்கான் மாப்பிள்ளை! என் கையில மட்டும் கெடைச்சான்னா, செதிலச் சீவிடுவேன்."

கண்ணாடிக்காரர் வாயில் இருந்ததை மெல்லாமலே விழுங்கினார். "விடுங்க அத்தை. வெளையாட்டுதானே."

"தொழில்ல என்ன மாப்பிள்ளை வெளையாட்டு?"

நம்முடைய மீனுக்காக இந்த மனுஷி இவ்வளவு கோபப்படுகிறாரே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. எழுதியது தான்தான் என்று மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவருக்குப் பொறி தட்டியது. தினமும் மாலை ஆறு மணிக்கு மேனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். பத்து நிமிடம் கழித்துத்தான் வருகிறார். பந்தயத்தில் ஜெயிக்க இவருக்குத்தானே அவசரம்?

ஆறு மணி அடித்து ஐந்தாவது நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"சார், தெனம் ஆறு மணிக்கு நீங்க பண்ற வேலை எனக்குத் தெரிஞ்சுபோச்சு!"

மேனேஜர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "மெதுவாப் பேசுய்யா. யார்கிட்டயும் சொல்லிடாத."

"எத்தனை நாளா நடக்குது?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா! அப்ப அந்த ரெண்டாயிரமும் நீங்கதானா?"

"ரெண்டாயிரமா? ஒரே ஒரு பாக்கெட்டுதான்யா. அதையே ஒரு வாரத்துக்கு வெச்சுப் பூசுறேன்."

திரும்பினார். மீசையின் இடது பாதி கன்னங்கரேல் என்று இருந்தது. வலது பாதி பஞ்சாக வெளுத்திருந்தது. கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ்.

கண்ணாடிக்காரர் உளறிக்கொட்டி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜருக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"என் மீசையப் பாத்தவன் நிம்மதியா இருக்கக் கூடாது. தோத்தேன்னா ஞாயித்துக்கிழமை கடையத் திறக்கிறதும் நீ, பெருக்கிறதும் நீ, பூட்டுறதும் நீ. போய்யா வெளிய!"

வெளியே வந்து அங்காடியைப் பார்த்தார். இரண்டாயிரம் மீன், ஆறு காசு. பையில் அவ்வளவு காசு இல்லை. குதிரையை விற்றார். போதவில்லை. கவசத்தையும் கழற்றி விற்றார். மீனை வாங்கிக் காக்கையிடம் கொடுத்தபோது, அவருடைய பொம்மை அரைக்கால் சட்டையோடு நடுத்தெருவில் நின்றது. போகிற வருகிற கடற்கொள்ளையர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

போகட்டும். கிடங்கில் பத்தாயிரம் மீன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலும் அத்தை, "ரொம்பி வழியுது" என்றார். பூதம் வரும் நேரத்தில் மீனுக்கு முப்பது காசு வைத்தாலும் அடித்துப் பிடித்து வாங்குவார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி. ஆறுமணிக்காரன் வந்துவிட்டான். இரண்டாயிரம் மீன், ஏழு காசு. வாங்கக் கண்ணாடிக்காரரிடம் ஒரு செல்லாக் காசுகூட இல்லை. யார் யாரோ பாய்ந்து வந்து ஐந்தே நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிடங்கில் உள்ளதை எல்லாம் விற்பனைக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தினார்.

'உங்கள் கிடங்கு காலியாக உள்ளது' என்றது திரை.

மறுபடி அழுத்தினார். மறுபடி அதையே சொன்னது.

கடையை விட்டு அவர் ஓடிய ஓட்டத்தில், ஒரு பெண்மணிக்கு மாட்டிப் பார்த்த கண்ணாடிச் சட்டம் அவர் கையோடே வந்துவிட்டது. பின்னால் மேனேஜரின் குரல் கேட்டது. "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுய்யா! துடைப்பம் கதவுக்குப் பின்னால இருக்கு!"

வீட்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தார். "அத்தை! திருட்டு! கிடங்குல இருந்த பத்தாயிரம் மீனும் போச்சு!"

"திருட்டா? காலையிலேருந்து நின்ன எடத்த விட்டு நகரலையே நான்! ஒரு ஈ காக்கா உள்ள வரலை."

மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அவரையே பார்த்தாள். பந்தயத்தைப் பற்றி வாரம் முழுக்க அவளிடம் மறைத்ததை அவர் அப்போது நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மணி ஏழு. அத்தையின் மடியில் இருந்த டேப்லட்டில் மணியோசையும் முரசும் முழங்கின.

"மாப்பிள்ளை, இங்க பாருங்க. நம்ம வீட்டுக் கதவுல எவனோ ஒருத்தன் தங்கப் பலகைய மாட்டிட்டுப் போறான். 'பெருவணிகர்'னு எழுதியிருக்கு. நாம கேக்கவே இல்லையே, கழட்டிடச் சொல்லவா?"

கண்ணாடிக்காரர் டேப்லட்டைப் பிடுங்கினார். அவருடைய வீடுதான். அவருடைய கதவுதான். பலகையின் கீழே, 'இந்த வாரம் இவ்வீட்டார் விற்றது: வெள்ளி மீன், பத்தாயிரம்' என்று பொன்னெழுத்தில் மின்னியது.

கைப்பேசி அடித்தது. மேனேஜர்.

"எப்படிய்யா பண்ணின? சரி, பந்தயம் பந்தயம்தான். ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு. மீசை விஷயம் மட்டும் வெளிய போகக் கூடாது" என்று உறுமிவிட்டு வைத்தார்.

குரல் ஜன்னல் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். மனைவி திரும்பினாள். "நெஜமாவா? எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் நம்பமுடியாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "அது எப்படி அத்தை? நான் ஒரு மீனைக்கூட விக்கலையே!"

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை விக்கணும்? ராத்திரி பூரா கண்ணு முழிச்சு நீங்க ரெண்டாயிரம் மீனு புடிச்சுப் போடுறீங்க, அழுகிப்போறதுக்குள்ள தெனம் சாயந்தரம் ஆறு மணிக்கு நான் வித்துத் தீத்துடுறேன்" என்றார் அத்தை, "நாலு நாளும் எவனோ ஒரு ஏமாளி நான் ஏத்தி வெச்ச வெலைக்கெல்லாம் மொத்தமா வாங்குனான், இன்னிக்குத்தான் பாவம், அவன ஆளையே காணோம்!"