கலவை அறையை எட்டிப் பார்த்த பூனை

பூனை இன்றைக்கும் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து கலவை அறையையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டையில் ஏதோ மினுங்கியது.

சோப்புத் தொழிற்சாலை மேலாளர் மூன்றாவது முறையாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். புதுச் சோப்பு அடுத்த வாரம் கடைக்குப் போகிறது. வாசனைக் கலவையின் ரகசியம் வெளியே போனால் முதலாளி அவர் சீட்டைக் கிழித்துவிடுவார். தொழிலாளர்களைச் செருப்பைக் கழற்றிச் சோதித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். பூனைக்குச் செருப்பு இல்லை.

மச்சானுக்குப் போன் செய்தார். வீடியோக்களைப் பார்த்தே விலங்கு உளவில் நிபுணரானவர் அவர்.

"பட்டையில கேமரா இருக்கும் அத்தான். நான் புறாவையே நம்பறதில்ல. இது பூனை."

ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டார்கள். இருட்டில் உதவியாளர் பெண் தெரியாமல் கலவையில் பினாயிலை ஊற்றினாள். திரையை எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். நெடியில் இரண்டு பேர் மயங்கினார்கள். ஜன்னலைத் திறந்ததும் பூனை உள்ளேயே வந்துவிட்டது.

பசியாக இருக்கும், பால் வைத்தால் போய்விடும் என்றாள் உதவியாளர்.

"உங்களுக்கும் அதுக்கும் எத்தனை நாளாப் பழக்கம்?" என்றார் மேலாளர். அவளை விடுப்பில் அனுப்பினார்.

விலங்கு பிடிக்கும் அலுவலகத்துக்குச் சொன்னார். காலையில் ஆள் வரும் என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். எல்லாச் சோப்புக் கம்பெனி மேலாளர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போட்டார்: உங்கள் பூனை மாட்டிக்கொண்டது, பிடிக்கக் காலையில் ஆள் வருகிறார்.

காலையில் வலையும் கூண்டுமாக ஒருவர் வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"பூனையைப் பிடிக்கறது சுலபம் சார். அது என்னென்ன தெரிஞ்சுக்கிச்சுன்னு பாக்கணும்ல?"

கடைசியில் விவரம் தெரிந்த ஓர் ஆள். மேலாளர் நெகிழ்ந்துபோனார். பூனை பார்த்திருக்கக்கூடிய ஜாடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எது எவ்வளவு, எது முதலில், எது ஆறிய பிறகு. பூனைக்கு இதெல்லாம் புரியுமா என்று வந்தவர் சந்தேகப்பட்டதும் பலகையில் எழுதியே விளக்கினார். காலடித் தடம் தேட வேண்டும் என்று வந்தவர் பலகையையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டார்.

வாசலில் அவருடைய செருப்பைக் கழற்றச் சொன்ன காவலாளியை மேலாளரே அதட்டினார். பூனை கூண்டில் போயிற்று.

மத்தியானம் முதலாளிக்குப் போன் செய்து, பெரிய ஆபத்து ஒன்றைத் தனி ஆளாகத் தடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளி தலையை நீட்டினார்.

"சார், பூனை பிடிக்கறவர் வந்திருக்கார். காலைல வண்டி பஞ்சராம், கோச்சுக்காதீங்கன்னு சொல்றார்."