முதலில் அப்பா பார்ப்பார்

ஊரில் பாதிப் பேருடைய பார்வையைச் சோதித்தவன் நான். கண்ணாடிக் கடை வைத்து இருபது வருடமாகிறது. அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், கிறிஸ்தவக் குடும்பம் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்குள் எந்தப் படம் வருகிறதென்று தகப்பன்மார் கவனிக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தபோது, அதைத் தொழில்முறையில் எனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் சட்டத்தை அறிவித்தேன். இனி எந்தப் படமானாலும் முதலில் நான் தனியாகப் பார்ப்பேன். குடும்பத்துக்கு ஏற்றது என்று நான் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் பார்க்கலாம்.

உங்களிடம் என்ன மறைப்பு. எங்கள் வீட்டில் படத்தை ஓட்டெடுப்பில்தான் தேர்ந்தெடுப்போம். மனைவி, மகள், மகன் மூவரும் ஒரு கட்சி. நான் தனிக்கட்சி. பாட்டுப் போட்டியில் ஜெயிக்கும் ஏழைப் பெண்களை மட்டும் பதினேழு பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு சண்டைப் படத்தை முழுசாகப் பார்த்து ஒன்றரை வருடம் ஆயிற்று.

என் மனைவி கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை இல்லையென்றால் மார்க் போடமாட்டாள். அவளே அன்றைக்கு மறுப்புச் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவதாகச் சொன்னாள். ஒரு நோட்டை மட்டும் என் முன்னால் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் அரைப் பக்கம் காரணம் எழுதச் சொன்னாள்.

முதல் சனிக்கிழமை வில்லன் மாடியிலிருந்து ஏழு தடவை விழுந்தான். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஆனந்தமாகப் பார்த்தேன். பிறகு நோட்டில், ‘அடிதடி மிகுதி. குடும்பத்துக்கு ஆகாது’ என்று எழுதினேன். அடுத்த வாரமும் ஆகாது. மூன்றாவது வாரம் எனக்குத் தைரியம் கூடிவிட்டது. ‘ரயில் சண்டை மிகவும் கொடூரம். இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன்’ என்று எழுதிவிட்டேன்.

அவள் படித்தாள். நீங்கள் எங்களுக்காக ரொம்பக் கஷ்டப்படுகிறீர்கள் என்றாள். அந்தக் கரிசனம் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை முன்னால் கூப்பிட்டார். அவர் கையில் என் நோட்டு; மனைவி கொடுத்தாளாம். விடுமுறையில் சபைக் குடும்பங்களுக்குப் படம் காட்டப் போகிறார்களாம். எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல நம்பிக்கையான ஒருவர் வேண்டுமாம். இவ்வளவு அக்கறையுள்ள சகோதரர் நம் நடுவிலேயே இருக்கிறாரே என்றார். சபையே என்னைப் பார்த்தது. நெஞ்சு நிமிர்ந்தது. யாரும் கேட்காமலே வாக்குக் கொடுத்தேன்: பட்டியல் முடியும்வரை வேறு படத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டேன்.

பட்டியல் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. முப்பத்திரண்டு படங்கள். எல்லாம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு.

அடுத்த சனிக்கிழமை மனைவி பிள்ளைகளை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. மதியம் நான் படுக்கையறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாத்து தன் தொப்பியைத் தொலைத்துவிட்டு அழுதது. நானும் அழும் நிலையில் இருந்தபோது கூடத்திலிருந்து ரயில் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த ரயில்.

போய்ப் பார்த்தேன். பெரிய திரைக்கு முன்னால் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இது குடும்பத்துக்கு ஆகாதுன்னு எழுதியிருந்தேனே?" என்றேன்.

மனைவி படத்தை நிறுத்தினாள். "நேத்து சாயங்காலம் நானும் பார்த்தேன். அடிதடி கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா ஆபாசம் இல்ல, குடி இல்ல. வீட்டுல பொய் சொல்லிட்டுத் திரியுற ஒருத்தன், கடைசியில தானா வந்து ஒத்துக்கிறான். இந்த வயசுல பிள்ளைங்க அத பார்க்கணும். நீங்க ஏன் அத எழுதல?"

இரண்டு தடவையும் அந்த இடத்தில் நான் சமையலறைக்குப் போயிருந்தேன் என்று எப்படிச் சொல்வது. மகளும் மகனும் திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். இருபது வருடம் மற்றவர்கள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவனுக்கு, தன்னை நோக்கும் ஆறு கண்களைப் பார்க்க முடியவில்லை.

"சண்டைப் படம் பார்க்கிற ஆசையிலதான் அந்தச் சட்டமே போட்டேன்" என்றேன். சொன்ன பிறகு மனசு லேசாகத்தான் இருந்தது.

"தெரியும்" என்றாள். "ஆகாத படத்த யாரு ரெண்டு தடவ பார்ப்பாங்க?"

மகன் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்ற தெம்பில் நான் உட்காரப் போனேன். மனைவி ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

"சபைக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்க," என்றாள். "வாத்து முடிஞ்சதும் வாங்க. இன்னும் முப்பத்தொண்ணுதான் இருக்கு."