மீசைக்கு மூன்று நாள் மழை விலக்கு

பெலேம்,
புதன்கிழமை, பிற்பகல் மழைக்கு முன்

பேரன்புமிக்க மருமகள் ஜுஸாராவுக்கு,

தாய்மாமன் ஒஸ்மரீனோ, அமேசான் கடலில் கொட்டும் தண்ணீரின் அளவு ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் டால்வா மாமியும் நலம். என் மீசை மட்டும் படுத்த படுக்கை.

அடுத்த சனிக்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு, முந்தின நாள் வந்து நீல்சா சலூனில் கெராட்டின் போட்டுச் சுருள் முடியை நேராக்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். இந்த மாநிலத்தில் அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவன் கிடையாது, ஏனென்றால் திங்கட்கிழமை நானே என் மீசைக்குப் போட்டுக்கொண்டேன். உன்னை சர்ச்சுக்குள் கைப்பிடித்து அழைத்துவருகிறவன் நான். "இந்த முள்ளம்பன்றியோட வந்தீங்கன்னா ஃபோட்டோவுல உங்களை மட்டும் வெட்டிட்டுதான் மாட்டுவேன்"னு உன் மாமி சொல்லிட்டா. நீல்சா என்னத்தையோ தடவி, காயவைத்து, சுடச்சுட இடுக்கியால் இழுத்தாளா, கிளம்பின புகையில் நான் அழுத அழுகைக்குத் துறைமுகத்தில் படகெல்லாம் ஒரு முழம் உயர்ந்தது. அதனால கண்ணு, முதல்ல பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு வாங்கிப் படி. ஃபார்மலின் நெடி அடிச்சா எழுந்து வந்துடு. ஜன்னல் திறந்திருக்கணும்.

அப்புறம் மூணு நாள் முடி நனையக் கூடாது, கட்டக் கூடாது, காதுக்குப் பின்னாலகூட ஒதுக்கக் கூடாதாம். மழைக்கு முன்னால வரியா பின்னால வரியான்னு நேரம் குறிக்கிற ஊர்ல! மாமி முறத்தைக் குறுக்கே பிடிக்க, மீசைக்கு மேலே தனியாக, கீழே தனியாக முகம் கழுவுகிறேன். ஆவி பறக்கிற தகாகா எறா சூப்பைச் சுரைக்குடுக்கையில் உறிஞ்சி இன்றோடு மூன்று நாள் ஆகிறது. முக்குக்கடைக்காரம்மா, "என்ன ஒஸ்மரீனோ, விரதமா? எறா வேற இன்னிக்கு பெருசு பெருசா இருக்கு"ங்கறா. பதில் சொல்லவில்லை. பேசினால் எச்சில் தெறிக்குமே.

ஆகவே வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். இந்த வாரமே வந்துடு. மூணு நாலு மாசம் நிக்கும், அப்புறம் வேர்லேர்ந்து உன் சுருளே திரும்பி வரும்.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும், அவர்கள் கிளிக்கும்கூட என் விசாரிப்பு.

மீசை தாழ்ந்தும் மனம் நிமிர்ந்தும்,
ஒஸ்மரீனோ மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது நீல்சா வந்தாள். மூக்குக்குக் கீழே அந்த மருந்தைத் தடவ அவளுக்கென்ன பைத்தியமா என்கிறாள். எனக்குப் போட்டது வெறும் கண்டிஷனராம். புகை பக்கத்து நாற்காலி அம்மாளுடையதாம். ஆக, மேலே எழுதியதில் என் அனுபவம் என்று ஒரு வரியும் இல்லை, எல்லாவற்றையும் அவளிடமே கேட்டுக்கொள். உன் மாமிக்குத் திங்கட்கிழமையே தெரியுமாம். ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல நீங்க மூணு நாள் சேர்ந்தாப்பல வாயை மூடி இப்பதான் பார்க்கறேன். அதைக் கெடுப்பேனா?"ங்கறா.