கண்ணாடி அறைக்கு நான் தேர்ந்தெடுத்த கண்ணாடி

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் ஒரு முடிவெடுத்தேன். இந்த வீட்டில் ஒரு விஷயத்தையாவது நானே தீர்மானிப்பது. மனைவியிடம் அனுமதி கேட்டேன். கொடுத்தாள்.

வீட்டின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை கட்டிக்கொண்டிருந்தோம். கூரை போட்டாயிற்று. மூன்று பக்கமும் சட்டம் நிறுத்தியாயிற்று. கண்ணாடி மட்டும்தான் பாக்கி.

"கண்ணாடியை நானே பார்த்து வாங்குறேன்" என்றேன்.

"எதுக்கு? போன மாசம்தானே பவர் மாத்துனீங்க?"

"மூக்குல மாட்டுற கண்ணாடி இல்லம்மா. ரூமுக்கு."

"ஓ, அதுவா. வாங்குங்க." பல்லில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே சொன்னாள்.

அவள் தையல்காரி. இந்தத் தெருவில் அவள் அளவெடுக்காத பெண்ணே கிடையாது. என்னை மட்டும் டேப் இல்லாமலே அளந்து வைத்திருக்கிறாள்.

உங்களிடம் மறைப்பானேன், கண்ணாடி விஷயத்தில் எனக்கு ஒரு உள்நோக்கம் இருந்தது. ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் மதியத் தூக்கம் போட்டவன் நான். வீட்டில் அந்த வித்தை பலிக்கவில்லை. கண்ணை மூடிய மறு நிமிஷம் மடியில் ஒரு சட்டை வந்து விழும். "சும்மாதானே இருக்கீங்க, இந்தப் பொத்தானைத் தைச்சிடுங்க." இத்தனை பொத்தான் தைத்தவனுக்குத் தனியாக ஒரு ஓய்வூதியமே தரலாம்.

ஆகவே எனக்கு வேண்டிய கண்ணாடி எளிமையானது. வெளியிலிருந்து பார்த்தால் நான் தெரியக் கூடாது.

கண்ணாடிக்கடைக்காரர் மூன்று மாதிரிகளை எடுத்து வைத்தார். முதலாவது சாதாக் கண்ணாடி. இரண்டாவது இரட்டை அடுக்கு. மூன்றாவதைக் கையில் எடுத்தவர், "இது உங்களுக்கு வேண்டாம் சார்" என்று ஓரமாக வைத்தார்.

"ஏன் வேண்டாம்?"

"இதுவும் ரெண்டு அடுக்குதான். நடுவுல வாயு அடைச்சிருக்கும். வெளிப்பக்கம் மெல்லிசா ஒரு பூச்சு, வெயிலோட சூட்டைத் திருப்பி அனுப்பிடும். ஏ.சி. பாதி நேரம் ஓடினாப் போதும். ஆனா பகல்ல வெளிய இருந்து பார்த்தா உள்ள ஒண்ணும் தெரியாது. அது உங்களுக்குப் பிடிக்காது."

எனக்குப் பிடித்துப் போயிற்று. மாதிரித் துண்டோடு வீட்டுக்கு ஓடினேன்.

"சாதாக் கண்ணாடி போதாதா?" என்றாள் மனைவி.

"அதைப் போட்டா அது ரூம் இல்ல, அடுப்பு."

"ரெண்டு அடுக்கு எதுக்கு? ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணா?"

"நடுவுல வாயு இருக்கும்மா. சூட்டை அண்ட விடாது."

"உங்க வயித்துல கூடத்தான் வாயு இருக்கு. சூடு குறையலையே."

இதற்கெல்லாம் நான் அசரவில்லை. வெளிச்சம் பற்றிக் கேட்பாள் என்று தெரியும். கேட்டாள். மாதிரித் துண்டை ஜன்னலில் சாய்த்து வைத்து, அதன் வழியே வந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்துக் காட்டினேன். நான்காவது முயற்சியில் நுழைந்தது.

"பார்த்தியா? ஊசியே கோக்கலாம்."

அவள் ஊசியை வாங்கிப் பார்த்தாள். "சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இருபத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக இந்த வாக்கியத்தைக் கேட்கிறேன். பயந்திருக்க வேண்டும். பூரித்துவிட்டேன்.

கண்ணாடி பதித்தார்கள். சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே குளுகுளு. செய்தித்தாளை மார்பில் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

காலடிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், கண்ணாடிக்கு வெளியே, எங்கள் தெருப் பல் டாக்டரம்மா. என்னை நேருக்கு நேர் பார்த்து ஈ என்று பல்லைக் காட்டினார்.

எழுந்து வணக்கம் சொன்னேன். அவர் மதிக்கவில்லை. கடைவாய்ப் பல்லைப் பரிசோதித்தார். பிறகு திரும்பி நின்று, தோளுக்கு மேல் எட்டி, புது கவுனின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட டீச்சர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, தலையிலேர்ந்து கால் வரைக்கும் தெரியும்" என்று என் மனைவியின் குரல் கேட்டது.

சமையலறை வழியாகச் சுற்றி வந்து அவளைத் தனியே அழைத்தேன்.

"என்ன நடக்குது இங்க?"

"கண்ணாடி பாக்குறாங்க."

"அது என் ரூம்."

"உள்பக்கம் உங்களுதுதாங்க. யாரு இல்லன்னா?" குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பகல்ல அங்க உக்காராதீங்க. உடுப்புப் போட்டுப் பாக்க வர்ற பொம்பளைங்க. ஒரு ஆம்பளை உள்ள உக்காந்து பாத்துட்டிருக்கார்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு வருவா?"

"நான் எங்க பார்த்தேன்? தூங்கிட்டிருந்தேன்."

"அதையே அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"அப்ப அந்த ரூம்ல யார்தான் உக்கார்றது?"

யோசிப்பவள் போல் நின்றாள். "நான் வேணா உக்காந்துக்கறேன். பொம்பளைதானே. ஊசி கோக்க வெளிச்சம் இருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

சாயங்காலத்துக்குள் தையல் மெஷின் உள்ளே போய்விட்டது. தூக்கியது நான். கதவைப் பிடித்துக்கொண்டது அவள்.

மறுநாள் மதியம் கண்ணாடிக்கடைக்குப் போனேன். உடம்பெல்லாம் கோபம்.

"கண்ணாடியை மாத்துங்க. வெளிப்பக்கம் முகம் பாக்குற கண்ணாடி மாதிரி இருக்கு."

"பகல்ல அப்படித்தான் இருக்கும் சார். அதுக்குத்தானே அம்மா அதைக் கேட்டாங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்தாங்க. ஆளுயரத்துக்கு முகம் தெரியணும், உள்ள தைக்க வெளிச்சம் வேணும், சூடு கூடாதுன்னாங்க. வேண்டாம்னு சொன்னாத்தான் நீங்க எடுப்பீங்கன்னும் சொன்னாங்க."

அவர் ஓடிப்போய், கண்ணாடிகள் சாத்தி வைத்திருந்த மூலையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மெத்தை வைத்த நாற்காலி.

"உக்காருங்க சார். இன்னிக்குக் கோபமா வருவீங்கன்னு அம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க. நாற்காலி போட்டுக் குடுத்தா பத்து நிமிஷத்துல தூங்கிடுவீங்களாம்."

அவள் கணக்கு தப்பு. ஐந்தே நிமிஷம்தான் ஆனதாம்.