ரிஜெக்ட் சார் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்

ரெடிமேட் கம்ப்யூட்டர் இந்த வீட்டுக்குள் நுழைந்தால், தான் வீட்டை விட்டு வெளியேறிவிடப் போவதாக அவர் அறிவித்தபோது மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடிகூட நிற்கவில்லை. இதே அறிவிப்பை அவர் மிக்ஸிக்காக ஒரு தடவை, மெத்தைக்காக ஒரு தடவை, ஜன்னல் திரைக்காக ஒரு தடவை செய்திருக்கிறார். அதிகபட்சம் மொட்டை மாடிவரை போவார். கீழே காபி கலக்கும் சத்தம் கேட்டால் இறங்கி வந்துவிடுவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. செய்கிற உத்தியோகம் அப்படி. பம்பு செட் தயாரிக்கும் கம்பெனியில் அவர் தர ஆய்வாளர். அடுத்தவன் செய்த சரக்கில் குறை கண்டுபிடித்து, சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிறவர். பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அவர் ஒரு பம்பை வெளியே அனுப்பிவிட்டால் அன்றைக்குப் பட்டறையே கைதட்டும். கம்பெனியில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் ஞாபகமில்லை. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் சார்தான். அதை அவர் பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர் அட்டைப் பெட்டியில் மூடி வரும் ஒரு கம்ப்யூட்டரை எப்படி நம்புவார்? உள்ளே என்ன போட்டிருக்கிறான், எந்த மட்டமான ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறான், யார் கண்டது?

கம்ப்யூட்டர் தேவைப்பட்டதோ மனைவிக்கு. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறவள் அவள். பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் புகை விட்டுப் படுத்துவிட்டது. அச்சகத்து முதலாளியம்மா ஒரு வருஷத்துக்கான வேலையை மொத்தமாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அடுத்த மாதப் பிறப்பிலிருந்து தினமும் பக்கம் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும். அவளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இதுவரை வந்ததில்லை. இனிமேல் வருமா என்பதும் சந்தேகம்தான்.

"நீங்களே அசெம்பிள் பண்ணா எப்பங்க முடியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. காலைல உக்காந்தா சாயங்காலம் நீ டைப் அடிக்கலாம்."

அவள் வெண்டைக்காயை வாணலியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "சரிங்க. உங்க இஷ்டம்" என்றாள்.

இந்த இடத்தில் அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால், இரண்டு பாத்திரமாவது உருண்டிருந்தால், ஏதோ நடக்கிறது என்று மூளையில் மணி அடித்திருக்கும். அவள் 'உங்க இஷ்டம்' என்றதும் மனிதர் குளிர்ந்துபோனார். கடைசியில் நம் அருமை இவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தார்.

சாப்பாட்டு மேஜை அன்றே பட்டறையானது. வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். எல்லோரும் என்றால் அவரும் அவளும்தான். மேஜையில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் பூதக்கண்ணாடி, வரிசையாக ஸ்க்ரூட்ரைவர்கள். தூசி படியக்கூடாது என்று மின்விசிறிக்குத் தடை. ஈரக்கையோடு யாரும் ஹாலுக்குள் வரக்கூடாது. தும்மல் வந்தால் படிக்கட்டுக்குப் போய்விட வேண்டும். மேஜைக்குக் காவலாக அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலிலேயே படுக்க ஆரம்பித்தார். படுக்கையறைப் பக்கம் தலைகாட்டுவதே நின்றுபோயிற்று.

பாகங்கள் வாங்கப் போன கதை தனி. கடைக்காரன் முதல் நாள் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். இரண்டாம் தடவை நிற்கவைத்தான். அதற்குப் பிறகு அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே சாப்பிடப் போய்விட்டான். வெளிப்பெட்டியான கேபினெட்டின் மூலையில் நகக்கண் அளவு நசுங்கல் என்று அவர் திருப்பிக் கொடுத்தார். அடுத்ததில் கண்ணாடிக் கதவு ஒரு பக்கம் இறக்கம். அதற்கடுத்ததில் குறையே இல்லை. குறையில்லாமல் ஒரு சரக்கு இருக்க முடியாது என்பதால் அதன்மேல்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம். மானிட்டரில் ஓரமாக ஒரே ஒரு புள்ளி கறுப்பாக இருந்தது. எறும்பின் கண்ணுக்குக்கூடத் தெரியாத புள்ளி. அதுவும் கடைக்கே திரும்பிப் போயிற்று.

இப்படியாக ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. மாதமும் பிறந்துவிட்டது. அச்சக வேலை என்னாயிற்று என்று ஒரு நாள் தானாகவே ஞாபகம் வந்து கேட்டார். அது பாட்டுக்கு நடக்கிறது என்றாள் அவள். முதலாளியம்மா அச்சகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கிக் கொடுத்திருப்பாள் என்று அவராக ஊகித்துக்கொண்டார். அதை அவள் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தன் மனைவி பகலெல்லாம் வெயிலில் அச்சகத்துக்கு அலைகிறாளே என்று அவருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது. அந்தக் கஷ்டத்தில் அன்று கூடுதலாக ஒரு மணி நேரம் ஸ்க்ரூ முறுக்கினார்.

ஒருவழியாக எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்தது. பிராசஸர்மேல் பற்பசை மாதிரி ஒன்றைப் பிதுக்கி, பற்பசை மாதிரியே கொஞ்சம் சட்டையிலும் அப்பிக்கொண்டு, விசிறியை மாட்டினார். மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அழுத்தமாக அழுத்தினார். பிறகு உட்கார்ந்து, முறுக்கியதையெல்லாம் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினார். அப்போதும் அது அசையவில்லை.

"ஏங்க, பின்னாடி குட்டியா ஒரு சுவிட்ச் இருக்கே, அது எதுக்கு?"

அவர் எட்டிப் பார்த்தார். பவர் சப்ளையின் சுவிட்ச். அணைந்தே இருந்தது.

"அதைக் கடைசியாத்தான் போடணும்" என்று சொல்லி, கம்பீரமாகப் போட்டார்.

விசிறிகள் சுழன்றன. கண்ணாடி வழியே நீலமும் பச்சையுமாக வெளிச்சம் வழிந்து கூரைவரை போயிற்று. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார். தன் கையால் செய்த ஒன்று உயிரோடு நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

படம் பார்க்க மானிட்டர்தான் இல்லை. மனைவி உள்ளே போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வேலைக்கு வேண்டும் என்றாள். அச்சகத்திலிருந்து இரவல் வாங்கியிருப்பாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கேபிள் கேட்டார், கொடுத்தாள். மவுஸ் கேட்டார், அதையும் கொடுத்தாள். திரை பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா கலரை? எந்த ரெடிமேட்ல வரும் இது?"

"வராதுங்க" என்றாள் அவள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. முடிய விட்டால் அவர் ரிஜெக்ட் சார் இல்லையே. பத்து நிமிஷம் ரசித்துவிட்டுக் காதைக் கொண்டுபோய்க் கேபினெட்டில் வைத்தார். மூன்று விசிறிகளில் நடு விசிறி லேசாக முனகுவது போலத் தோன்றியது. எழுந்துபோய்க் கம்பெனிச் சட்டையின் பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்தார். தான் செய்த கம்ப்யூட்டரின் கண்ணாடியில் தானே பெருக்கல் குறி போட்டார்.

அடுத்த வாரம் விசிறி மாறியது. அதற்கடுத்த வாரம் ஒயர்கள் ஒரே கோட்டில் ஓடவில்லை என்று எல்லாம் வெளியே வந்தது. பிறகு ஒரு ஸ்க்ரூவின் தலை மட்டும் மற்றதைவிட வெளுப்பாக இருப்பதாக அவருக்குப் பட்டது. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுகிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். ஓடாததைக் கழற்றினால் அது ரிப்பேர், ஓடுவதைக் கழற்றுவதுதான் தரம் என்று மனைவிக்கு விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு அவசரம் தெரிந்தது.

"ஏங்க, இதை எப்பதான் பாஸ் பண்ணுவீங்க?"

"குறை இல்லாம ஆனப்புறம்."

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சியும் அண்ணனும் வர்றாங்களாம். நீங்க பண்ணதைப் பாக்கணுமாம். சிவப்பு கோட்டோடவா காட்டுவீங்க?"

அவள் அண்ணன் என்றது அவருடைய தங்கையின் கணவரை. வங்கி வேலை, மடிப்புக் கலையாத சட்டை. ஒரு பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிற மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளைக்கு முன்னால் சிவப்புக் குறியோடு நிற்பதா? நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. ஒரு குறையும் அகப்படவில்லை. மனசே இல்லாமல் சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த பச்சை ஸ்டிக்கரைக் கேபினெட்டின் நெற்றியில் ஒட்டினார். மனைவி நிம்மதியாக மூச்சுவிட்டதை அவர் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நம்மவர் பட்டனைத் தட்டி, விளக்கையெல்லாம் எரியவிட்டு, ரெடிமேட் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கிறவர்கள் என்றார். என்றைக்கும் நடுவில் கடிகாரத்தைப் பார்க்கும் மாப்பிள்ளை அன்று குனிந்து, நிமிர்ந்து, சுற்றிவந்து கேட்டார். சந்தேகம்கூடக் கேட்டார்.

"கெட்டுப்போனா என்ன மச்சான் பண்றது? கடையில வாங்கினா வாரண்டி தர்றான்."

"வாரண்டியா? அவன் தர்றது ஒரு வருஷம். இதுக்கு நான் இருக்கேன் மாப்பிள்ளை, ஆயுசுக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஸ்க்ரூட்ரைவரோட வந்து நிப்பேன்."

"கேட்டுக்கிட்டீங்கல்லண்ணா" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கினார். கேபினெட்டை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். தங்கை கதவைத் திறந்துவிட்டாள். லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நம்மவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பார்த்த பரவசத்தில் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத் தூக்கிப் போகிறார் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்.

"எங்கடி தூக்கிட்டுப் போறார்?"

"அவங்க வீட்டுக்குத்தாங்க."

"அப்போ உன் அச்சக வேலை? நீ எதுல பண்ணுவ?"

அவள் படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினாள். அவர் பல வாரங்களுக்குப் பிறகு எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் ஒரு மேஜை. மேஜைமேல் அவர் கலரைப் பாராட்டிய அதே மானிட்டர், அவர் கைபட்ட அதே மவுஸ். பக்கத்தில் பளபளவென்று ஒரு ரெடிமேட் கம்ப்யூட்டர். திரையில் பாதி முடிந்த பக்கம் ஒன்று திறந்திருந்தது. அவள் அச்சகத்துக்கு ஒரு நாளும் போகவில்லை. நீங்கள் வேலையை ஆரம்பித்த மறுவாரமே இது வந்துவிட்டது, நீங்கள் செய்கிற கம்ப்யூட்டருக்காக உங்கள் தங்கை முன்கூட்டியே கொடுத்த பணத்தில்தான் வாங்கினேன் என்று அவள் சாவகாசமாகச் சொன்னாள். இத்தனை நாளில் ஒரு பக்கம்கூடத் தாமதமாகவில்லை. முதலாளியம்மாவுக்கு ஏகத் திருப்தியாம்.

அவருக்கு வெளியேறிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் எதிர்த்தாற்போல் அவள் நின்ற நிற்பில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. "நீங்க எப்படியும் முடிச்சிடுவீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் அவங்ககிட்ட முன்னாடியே பணம் வாங்கினேன்" என்றாள். அது அவருக்குக் கொஞ்சம் இதமாகவும் இருந்தது. அந்த இதத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் அவர் குரலை உயர்த்தினார்.

"இருக்கட்டும். ஆனா எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே அந்த மனுஷன். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பேன். அவரே அவர் கையால அசெம்பிள் பண்ணியிருப்பார்ல?"

"நானும் அதைத்தாங்க சொன்னேன்" என்றாள் அவள். "அவருக்கு ரெடிமேட்தான் வேணுமாம்."