துரை வண்டிக்கு இஞ்சு ஸ்பேனர்

இந்தக் கோடை லீவில் என் அப்பா ஒரு சபதம் செய்தார். போடிமெட்டு ஏறி, மூணாறு தாண்டி, கொச்சிக் கடலைப் பார்த்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளிலேயே திரும்பி வருவாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடைஞ்சல். அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

ஏலத்தோட்டத்து இங்கிலீஷ் துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது, தன்னிடம் சூபர்வைசராக இருந்த அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்தது என்பார் அப்பா. அது போன நெடுந்தூரம், வெயில் வந்தால் முருங்கை மரத்தடிக்கு, மழை வந்தால் கொட்டகைக்கு. அப்பாவின் பெயர் வேறு வெள்ளைத்துரை. துரைக்குத் துரை கொடுத்த வண்டி என்று அவருக்கு ஒரே பெருமை.

நான் மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். அநியாயத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. எங்கள் வீட்டு அநியாயம் இதுதான்: சிலமலையில் அம்மாவுக்குப் பங்காக வந்த நிலத்தில் பருத்தி காய்ந்துகொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. இறைக்கிற ஆயில் இன்ஜின் படுத்துவிட்டது. அதைப் பிரிக்கத் தெரிந்த கை சொந்தத்திலேயே அப்பாவின் கை ஒன்றுதான். எஸ்டேட் ஜீப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர். ஆனால் போகமாட்டார். ஏன்? நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் என் மாமா மலைச்சாமி பொங்கலுக்கு வந்தபோது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாப்ளே, கோழி அடைய வசதியா இருக்குமே" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா சிலமலைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஒரு ஆணின் ரோசத்துக்காக ஒரு பெண்ணின் வெள்ளாமை காயலாமா? கேட்டேன்.

"ஆத்தா பேச்சி, அது வேற சோலி, இது வேற சோலி" என்றார் அப்பா. "வண்டியில கொறை ஒண்ணுமில்ல. சாமான்தான் இல்ல."

"என்ன சாமான்?"

"இது இங்கிலீஷ் வண்டி. நட்டெல்லாம் இஞ்சுக் கணக்கு. நம்ம கடையில விக்கிற மில்லிமீட்டர் ஸ்பேனரப் போட்டா நட்டு மொட்டையாயிரும். இஞ்சு ஸ்பேனர் செட்டு வேணும். வால்வு ஸ்பிரிங்க அமுக்குற கிளாம்பு வேணும். சக்கரத்தப் புடிச்சு இழுக்குற புல்லர் வேணும்."

"அங்க பருத்தி காயுது. இங்க புல்லரா? எது முதல்ல, எது அப்பறம்னு ஒரு கணக்கு இருக்குல்லப்பா? எங்க பாடத்துல முதல் அத்தியாயமே அதான்."

"ஒம் பாடத்துல இஞ்சு ஸ்பேனர் இருக்கா?"

"இல்ல."

"அப்பப் பேசாத."

இது ஒரு வாதமா? அடுப்படிக்குப் போனேன். அம்மா அன்னக்கொடி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஓம் வயலு. நீ கேக்கமாட்டியா?"

"நான் என்னத்தடி கேக்க? நீதான் படிச்சவ. விடாமக் கேளு. வாங்கவே கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லு."

"நீயும் வந்து சொல்லேன்."

"எனக்குப் புளி கரைக்கிற சோலி இருக்கு."

இப்படிப்பட்ட அம்மாக்களால்தான் இந்த நாட்டில் பெண்ணுரிமை புளிக்கரைசலாகக் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே போய், கண்டித்துச் சொன்னேன். வாங்கினால் சாப்பிடமாட்டேன் என்றேன். அதுவரை 'வாங்கணும், வாங்கணும்' என்று பேச்சளவில் இருந்த மனுசர் உடனே சட்டையை மாட்டினார்.

"எம் மக சொல்லித்தான் நான் ஸ்பேனர் வாங்கலன்னு நாளைக்கு ஊரு பேசவா?"

தடுப்பதற்காகக் கூடவே போனேன். பழைய லாரி சாமான் விற்கும் சவுகத் அலி பாய், எங்களைக் கண்டதும் சாக்கு மூட்டை ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"வாங்கண்ணே. கட்டியே வச்சிருக்கேன்."

"நான் வர்றது ஒமக்கு எப்படித் தெரியும் பாய்?"

"துரை வண்டி போடியில வேற யார்ட்டண்ணே இருக்கு?"

அப்பாவுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. மூட்டையைப் பிரித்தார். ஒவ்வொரு ஸ்பேனரும் முதலை மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தது. கிளாம்பைத் தூக்க இரண்டு கை வேண்டும்.

"பாய், இதுக்குள்ள வண்டியே போயிரும்போல இருக்கே?" என்றேன்.

"மலை ஏறுற வண்டிக்குச் சாமான் சின்னதா இருந்தா மரியாதையா தாயி?"

"அப்பா, வண்டி நட்டு ஒண்ணக் கொண்டாந்து பொருத்திப் பாத்துட்டு வாங்கலாம்."

"கண்ணாலயே அளக்குற ஆளு நான். நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி எதிர்த்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல அவர் ஒரு சாமானை எடுத்து எடுத்து ஒதுக்கினார். பாய் இடையில் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். இருந்ததிலேயே சின்ன ஸ்பேனர், ஒல்லிக் கையில் போட்ட வளையல் மாதிரி நட்டைச் சுற்றி ஆடியது. அடுத்தது அதைவிட ஆடியது. கிளாம்பு பெட்ரோல் டேங்கை முழுசாகக் கவ்வியது.

"இந்த ஸ்பேனருக்கு ஏத்த நட்டு மதுரை ஜில்லாவுலயே கெடையாது" என்றேன். "பாய் ஒங்கள நல்லா ஏமாத்திட்டாரு."

"ஏமாத்திட்டாரா? என்னையவா? இந்தா பாரு, இஞ்சுன்னு வெட்டியிருக்கு!"

"வெட்டியிருந்தா? மாட்டுற எடத்தக் காட்டுங்க!"

அம்மா மோர்ச் செம்போடு வந்தாள். "ஏன்டி அவரப் போயிச் சொல்ற? அவரு பாத்து எடுத்தது தப்பாவா இருக்கும்? நம்ம சிலமலை இன்ஜினும் இங்கிலீஷ்காரன் பண்ணதுதான். அதுல மாட்டிப் பாத்தா சரியா தப்பான்னு தெரிஞ்சிரும்." பிறகு பெருமூச்சு விட்டாள். "ஆனா அங்கிட்டுத்தான் நீங்க வரமாட்டீங்களே. போகட்டும் விடுங்க. மக ஜெயிச்சதா இருக்கட்டும்."

"வெரசா கெளம்புங்கடி ரெண்டு பேரும்!" என்றார் அப்பா.

கொச்சிக்குப் போகவேண்டிய சாமான் சிலமலை பஸ்சில் ஏறியது.

கிணற்றடியில் மாமா, "வாங்க மாப்ளே" என்றார். அதற்குமேல் பேசாதே என்று அம்மா கண்ணாலேயே அடக்கினாள். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்பேனரை இன்ஜின் நட்டில் வைத்தார். செதுக்கி வைத்தது மாதிரி உட்கார்ந்தது.

"பாத்தியா ஆத்தா!"

"ஒண்ணு பொருந்தினா ஆச்சா? மத்ததெல்லாம்?"

மற்றதையும் மாட்டினார். மாட்டியதைக் கழற்றினார். "பாத்தியா! பாத்தியா!" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூப்பாடு. புல்லர் பொருந்துமா என்றேன், சக்கரம் வெளியே வந்தது. கிளாம்பு வீண்தானே என்றேன், வால்வு வெளியே வந்தது. கரி பிடித்து இறுகிப்போயிருந்த வால்வு. கரியைப் பார்த்த பிறகு அப்பாவுக்குப் பூமியில் வேறெதுவும் தெரியவில்லை. சுரண்டினார், தேய்த்தார், மண்ணெண்ணெயில் கழுவினார், திரும்பப் பூட்டினார். சட்டை பூராவும் கறுப்பு. முகத்தில் துரை களை.

கடைசி மூடியை வைத்தவர் நின்றார்.

"இதுல ஒரு நட்டக் காணோமே?"

மாமா தென்னை மரத்து உச்சியைப் பார்த்தார். அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு நட்டை எடுத்து நீட்டினாள்.

அப்பா நட்டைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இது எப்படி ஒங்கிட்ட வந்துச்சு?"

"அளவுக்குன்னு பாய்கிட்டக் கொண்டுபோனதுங்க. வெரசா மாட்டுங்க, பொழுது போகுது."

"அப்ப… எம் வண்டி?"

"அதுக்குச் சின்ன செட்ட பாய் தனியா எடுத்து வச்சிருக்காரு. பருத்தி வெடிக்கட்டும், வாங்கிருவோம். அதுவரைக்கும் இன்ஜின் நிக்காம நீங்கதான் பாத்துக்கணும்."

அப்பா நட்டை வாங்கி முடுக்கினார். மாமா சக்கரத்தைச் சுழற்றினார். இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது.

"மாப்ளே, அந்த மோட்டார் சைக்கிளும் ஓடிரும்போல" என்றார் மாமா, மெதுவாக.

"ஓடும்" என்றார் அப்பா, அதைவிட மெதுவாக.

எனக்குத்தான் ஆறவில்லை. வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன். "எங்கிட்டயாவது முன்னாடி சொல்லியிருக்கலாம்ல? தொண்டை கிழியக் கத்தினேனே!"

"சொல்லியிருந்தா இம்புட்டு நல்லாக் கத்தியிருப்பியா?" என்றாள் அம்மா. "நட்டுக்கு நட்டு அளவு வேறடி. ஒங்கப்பாவுக்குப் பொருந்துற ஸ்பேனர் நீதான்."